வசந்தாமணியின் குண்டூசிக் காந்தம்

உடுமலைப்பேட்டையில் தளி ரோட்டை ஒட்டிய எங்கள் மில் காலனியில் மொத்தம் இருபத்து நாலு வீடுகள், இருபத்து நாலு வீட்டு வாசலிலும் காலிங் பெல் உண்டு, அந்த இருபத்து நாலு பெல்லையும் செய்து மாட்டியது ஒரே ஆள், அவன் பெயர் திருமூர்த்தி, வேலை வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் கணக்கெடுப்பது, ஆனால் அது அவனைப் பொறுத்தவரை வாரத்தின் ஆறு நாட்களை எப்படியாவது கழிப்பதற்கான ஏற்பாடு மட்டும்தான், ஏழாவது நாள் அவன் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளைப் பிரிப்பான். மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கோழி அறுப்பார்கள், இவன் நட்சத்திர முனை கொண்ட திருப்புளியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். கோழியைப் போலவே ஹார்ட் டிஸ்க்கிலும் வீணாகப் போகும் பாகம் எதுவும் கிடையாது என்பது அவன் கட்சி.

மூடியைத் திறந்தால் உள்ளே முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பான தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும், தட்டின் மேல் போய்வர மெல்லிய கை ஒன்று இருக்கும், அந்தக் கையின் அடியில் செப்புக்கம்பிச் சுருள் இருக்கும், சுருளுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, இடையில் விரல் மாட்டினால் நகம் கறுத்துப்போகிற அளவுக்கு வலுவான இரண்டு காந்தங்கள் இருக்கும். திருமூர்த்தி சுருளுக்கு பேட்டரியை இணைத்து, தட்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு, வாசலில் ஒரு பொத்தானை வைத்துவிடுவான். பொத்தானை அழுத்தினால் கை துள்ளிப்போய்த் தட்டில் அடிக்கும், டிங் என்று கோயில் மணிக்கும் சைக்கிள் மணிக்கும் நடுவில் ஒரு சத்தம் வரும். மாட்டிவிட்டுப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் அதே பாட்டைப் பாடுவான்: "செம்பு காந்தத்துல ஒட்டாதுங்க. நாளெல்லாம் பக்கத்துல வெச்சிருந்தாலும் கம்முனுதான் கெடக்கும். துளி கரண்டு குடுங்க, அப்புறம் பாருங்க அது துள்றத." இருபத்து நாலு வீட்டிலும் சொன்னான், இருபத்து நாலு வீட்டிலும் யாரும் காதில் வாங்கவில்லை.

அவன் மனைவி வசந்தாமணி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள், கை சுத்தமான வேலைக்காரி, வாய் அதைவிடச் சுத்தம், யாரைப் பற்றியும் ஒரு சொல் அதிகமாகப் பேசமாட்டாள். புருஷன் மேல் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான், அதுவும் புருஷனால் வந்தது அல்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்த நாகமாணிக்கத்தால் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கல்யாணத்தை வீடியோ எடுத்த நாகமாணிக்கம், அந்த வீடியோவை இன்னும் கொடுக்கவில்லை. கேட்டால் "எடிட்டிங் நடக்குதுங்க" என்பார். மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள், வயதுக்கு வந்தாள், கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்கும் போய்விட்டாள், எடிட்டிங் நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஆடி மாதமும், ஒவ்வொரு பொங்கலுக்கும் வசந்தாமணி ஸ்டுடியோ படியேறி இறங்கினாள். கடைசியாகப் போனபோது, "பூத் தூவிட்டு இருக்கறமுங்க, பூ உழுந்து முடிஞ்சதும் இதயம் ரெண்டாப் பொளந்து உங்க பேரு வரோணும், அதோட சரி" என்றார்.

அந்தப் பூ விழுந்து முடிவதற்குள் நாகமாணிக்கம் கடையை மூடிவிட்டார். இத்தனை வருஷக் கல்யாணங்களும் இருந்த முப்பத்தொரு ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டார். இரும்புக் கடையில் புதிதாக என்ன வந்தாலும் முதலில் சொல்லியனுப்புவது திருமூர்த்திக்குத்தான். அவன் சாக்கோடு தூக்கி வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சோறு தண்ணி மறந்து முப்பத்தொன்றையும் பிரித்தான். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தது என்று அவன் பார்க்கவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், அதனால் ஸ்டிக்கரைக் கிழிக்கிற பழக்கம்தான் அவனுக்கு உண்டு, படிக்கிற பழக்கம் கிடையாது.

காந்தங்களைக் காலனி முழுக்கக் கொடுத்தான். ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள், கத்தி மாட்டிக்கொள்ளுங்கள், பீரோவில் சாவி தொங்கவிடுங்கள் என்று கையில் திணித்துவிட்டுப் போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கனகமணி டீச்சர் வீட்டுக்குத் தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார், பாதி டம்ளர் குடித்திருக்கும்போது நாற்காலியோடு தரையில் வழுக்கிக்கொண்டே போய் ஃபிரிட்ஜ் கதவில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்த மகள், ஐயோ என்று சொல்ல வாயைத் திறந்த மாத்திரத்தில் தானும் கால் தரையில் படாமல் வந்து அவர் முதுகில் ஒட்டிக்கொண்டாள்.

"மோர் சிந்துது பாருங்க மாப்ள," என்றார் டீச்சர்.

திருமூர்த்தியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நேரா இழுத்தா வராதுங்க, பக்கவாட்டுல நகத்தோணும்," என்றான். மகளை இடது பக்கம் நகர்த்தினார்கள், மாப்பிள்ளையை வலது பக்கம் நகர்த்தினார்கள், சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் கதவிலேயே நின்றுவிட்டது. அதே வாரத்தில் ஒன்பதாம் நம்பர் வீட்டுப் பீரோவில் பெரிய மாமனார் ஒட்டினார், பதினாறாம் நம்பரில் சாவிக்கொத்தைத் தேடிப்போன நாத்தனார் சாவிக்கொத்து இருந்த இடத்திலேயே நின்றாள், எதிலும் ஒட்டாமல் சும்மா வைத்திருந்த காந்தங்கள் தாமாகவே எழுந்து பறந்துபோய் ஆட்களின் மூக்கிலும் தோளிலும் உட்கார்ந்தன. வெள்ளிக்கிழமைக்குள் காலனி அசோசியேஷன் கூடியது. தலைவர் குழந்தைசாமி பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவராமல் தூங்கமாட்டார். இது ஏன் நடக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, ஒட்டியவர்களை நகர்த்துவதற்கு எந்தப் பக்கம் முதலில் என்பதில்தான் ஒன்றரை மணி நேரம் சண்டை நடந்தது, வயதில் மூத்தவர் வலது பக்கம் என்று தீர்மானமானது.

விதியைக் கண்டுபிடித்தது கனகமணி டீச்சர். வசந்தாமணியிடம் தையல் டேப் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், யார் எத்தனை அடி தூரத்திலிருந்து இழுபடுகிறார்கள் என்று அளந்து கட்டம் போட்ட நோட்டில் எழுதினார். ஒரு டிஸ்க்கில் எந்தக் கல்யாணம் இருந்ததோ, அதிலிருந்து எடுத்த காந்தம் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களை இழுக்கிறது. வீடியோவில் யார் அதிக நேரம் வந்தார்களோ அவர்களுக்கு அதிக இழுப்பு. மாப்பிள்ளை பொண்ணுக்குப் பதினைந்து அடிக்குக் குறையாது. எல்லாப் போட்டோவிலும் ஓரத்தில் நுழைந்து நிற்கிற சித்தப்பாவுக்கு ஆறு அடி. பந்தியில் கேமரா வரும்போது இலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டவர்களுக்கு அரை அடி. மூன்று நாள் கண்விழித்துச் சமைத்த சமையல்காரருக்கு ஒன்றும் கிடையாது.

இது தெரிந்த பிறகுதான் காலனிக்குப் பிடித்தது கெரகம். பழனியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் ஒரம்பரைச் சொந்தங்கள் வேன் பிடித்து வர ஆரம்பித்தார்கள், காபி குடிக்கக்கூட உட்காராமல் நேராக ஃபிரிட்ஜுக்கு எதிரில் போய் நின்றார்கள், தாங்கள் எத்தனை அடி என்று தெரிந்துகொண்டு போனார்கள். "என்ற அக்கா மகன் கல்யாணத்துல எனக்கு ரெண்டு அடிதானா? அவளோட கொழுந்தியாளுக்கு அஞ்சு அடியா?" என்று ஓர் அம்மாள் எங்கள் தண்ணீர்த் தொட்டி அருகில் நின்று அழுதது தளி ரோடு வரைக்கும் கேட்டது. பத்திரிகையில் பெயர் விட்டுப்போன மனவருத்தமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட, பையனின் அப்பாவுக்குச் சொந்தத்தில் எத்தனை அடி மரியாதை என்று விசாரித்துவிட்டுத்தான் பஜ்ஜியைக் கையில் எடுத்தார்கள்.

எங்கள் வார்டு கவுன்சிலர் கதை தனி. அவர் எந்தக் கல்யாணத்திலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இருந்தவர் இல்லை, ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் கேமரா அவரை விட்டு நகர்ந்ததில்லை. சாக்கடை பார்க்க வந்தவர் காலனி நடுவில் வந்ததும் பதினொரு வீட்டுக் காந்தங்களும் பதினொரு பக்கமாக இழுக்க, எந்தப் பக்கமும் போக முடியாமல் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் கை இரண்டையும் விரித்தபடி அரையடி உயரத்தில் நின்றார். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார். ஜனங்கள் தன்னை இப்படி இழுப்பதை இருபது வருஷ அரசியலில் பார்த்ததில்லை என்று கண் கலங்கினார், சாக்கடையை மறுநாளே சரிசெய்து கொடுத்தார்.

ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் திருமூர்த்திக்கு வீட்டு ஞாபகம் வந்தது. முப்பத்தொன்றாவது டிஸ்க்கின் காந்தத்தை ஒரு பாட்டில் மூடிக்குள் ஒட்டி, தரையில் சிந்துகிற குண்டூசிகளைப் பொறுக்குவதற்காக மனைவியின் மெஷின் பக்கத்தில் வைத்தான். வைத்த கை எடுப்பதற்குள் அது கிளம்பிப் பறந்து, வழியில் கிடந்த ஊசிகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு போய் வசந்தாமணியின் தோளில் உட்கார்ந்தது.

அவள் தைப்பதை நிறுத்தினாள்.

"இது எந்த டிஸ்க்குங்க?"

"முப்பத்தொண்ணாவது."

"நெம்பர் கேக்கலீங்க. யாரு கல்யாணம்?"

திருமூர்த்தி குப்பைக்கூடையைத் தரையில் கொட்டி, கிழித்துப் போட்ட ஸ்டிக்கர் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தான். மூன்றாவது துண்டில் ஆவணி என்று இருந்தது. ஐந்தாவது துண்டில் அவன் பெயரே இருந்தது.

"போட்டுப் பாக்க முடியுமுங்களா?" என்றாள் வசந்தாமணி. அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு அவன் ஸ்டிக்கர் துண்டுகளைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"தொறந்தாச்சு அம்மிணி. ஒருக்காத் தொறந்துட்டாத் தூசி பூந்துரும். அப்புறம் ஒண்ணும் வராது."

"அந்தத் தட்டு?"

தட்டு அசோசியேஷன் ரூமில் இருந்தது. குழந்தைசாமி கேட்டாரென்று போன ஞாயிற்றுக்கிழமைதான் அதை ஓட்டை போட்டுப் பெல்லாக மாட்டியிருந்தான். அதைச் சொன்னான். பதினெட்டு வருஷம் காத்திருந்த கல்யாணம் இப்போது யாராவது பொத்தானை அழுத்தினால் டிங் என்று சொல்லும், அவ்வளவுதான் மிச்சம். வசந்தாமணி தோளிலிருந்த காந்தத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்து, தையல் மெஷினின் இரும்புக் காலில் ஒட்டவைத்துவிட்டு எழுந்து, அது பின்னால் இழுக்க இழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினாள். காபி தயார் என்றால் வாசல் பெல்லை ஒரு தரம் அடிப்பாள், சோறு என்றால் இரண்டு தரம். சண்டை போட்டிருந்தாலாவது அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான், பெல்லுக்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பத்து நாள் போனது. பதினொன்றாம் நாள் திருமூர்த்தியின் சித்தப்பா மகன் மயில்சாமி, காது குத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான். அவர்கள் கல்யாணத்தில் கறுப்புக் கண்ணாடியோடு மேடையேறியவன், கடைசி வரை இறங்கவே இல்லை என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. கேட்டைத் திறந்து, "அண்ணி இருக்கறீங்களா?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றியவன், கழற்றிய செருப்பு வாசலிலேயே இருக்க, தாம்பாளம் ஒரு பக்கமும் பத்திரிகை ஒரு பக்கமுமாகப் பறந்துவந்து தையல் மெஷினில் மோதினான். மெஷினில் ஏற்கெனவே வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். இரண்டு தலையும் இடித்த சத்தத்துக்குப் பக்கத்து வீடுகள் எல்லாம் வந்துவிட்டன. அத்தனை பேரும் பார்த்தது மெஷினை மட்டும் அல்ல, மெஷினிலிருந்து நாலடி தூரத்தில் காபி டம்ளரோடு ஒரு மயிரிழைகூட அசையாமல் நின்ற திருமூர்த்தியையும் பார்த்தார்கள்.

டீச்சர் டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். வசந்தாமணி பதினெட்டு அடி. மயில்சாமி பதினாலு அடி. திருமூர்த்தியை மூன்றடியில் நிறுத்தினார், ஓரடியில் நிறுத்தினார், மற்ற இருவரையும் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டு, காந்தத்தை எடுத்து அவன் நெஞ்சின் மேலேயே வைத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. டீச்சர் டேப்பை இரண்டு தரம் உதறிவிட்டு மறுபடியும் அளந்தார்.

"டீச்சருங்கோ, நான்தானுங்க மாப்ள," என்றான் திருமூர்த்தி பரிதாபமாக.

"எனக்குத் தெரியுது தம்பி. காந்தத்துக்குத் தெரியலையே."

இருபத்து நாலு வீட்டிலும் அன்றைக்கு வேறு பேச்சில்லை. குழந்தைசாமி டிப்போவில் தாமதமாக வந்த பஸ்களை விசாரித்த அதே குரலில், ரெக்கார்டு பிரகாரம் மாப்பிள்ளை மயில்சாமி என்றுதான் ஆகிறது, தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். மயில்சாமி ஒரு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவன் மனைவி எங்கள் காலனி வழியாகப் போக வேண்டி வந்தால், அவனை பைக்கின் பின்சீட்டில் உட்காரவைத்துப் புடவையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேகமாக ஓட்டினாள்.

வசந்தாமணி அழவில்லை. நேராக அசோசியேஷன் ரூமுக்குப் போனாள், புருஷனும் அங்கே இருந்தான், அவன் பக்கம் திரும்பாமல் தலைவரிடம் பேசினாள். "ஞாயித்துக்கெழம மண்டபத்துல எங்க கல்யாணத்துக்கு வந்த அத்தன பேரையும் வரச் சொல்லுங்கண்ணா. வீடியோதான் கெடைக்கல, வந்த சனத்தையாவது ஒருக்காப் பாத்துக்கறேன். அன்னிக்கும் ஒருத்தரு மட்டும் நகராம நின்னாருன்னா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிர்றேன். கல்யாணத்துக்கே வராதவரோட எதுக்குங்க நான் குடும்பம் நடத்தோணும்?"

திருமூர்த்திக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. டீக்கடையில் எங்களில் யாரோ ஒருவன், "நெசமாலுமே அன்னிக்கு எங்கதான்யா போயிருந்த?" என்று கேட்டபோது அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். மேடையில் ஒரு ஸ்டீல் பீரோவை நிறுத்தி, அதன் கதவில் காந்தத்தை வைத்தார்கள். குழந்தைசாமி விசில் ஊதியதும் ஜனம் கிளம்பியது. வசந்தாமணி முதலில் போனாள், பட்டுப் புடவை கட்டியிருந்தாள், கால் தரையில் படாமல் போய் பீரோவில் முதுகு சாய்ந்து நின்றாள், அவளுக்கு வலது பக்கத்தில் மயில்சாமி கன்னத்தோடு ஒட்டினான், பிறகு அத்தைகள் வந்தார்கள், மாமன்கள் வந்தார்கள், சடங்கை நடத்தி வைத்த அருமைக்காரர் கைத்தடியோடு வந்தார், அரையடிக்காரர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்து ஒட்டினார்கள். யாரும் யாருக்கும் சொல்லாமலே அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார்கள். ஓர் அத்தை யாரும் கேட்காமலே கேமராவைப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். வசந்தாமணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தன் கல்யாணத்தைப் பார்த்தாள்.

அந்தக் கல்யாணத்தில் இருந்தும் ஒட்டாமல் எதிர்ச் சுவர் ஓரத்தில் இரண்டே பேர் நின்றார்கள். ஒருவர் வீடியோ எடுத்த நாகமாணிக்கம், கேமராவுக்குப் பின்னால் இருந்தவருக்கு இழுப்பு ஏது. இன்னொருவன் திருமூர்த்தி.

"கடைசிக் கட்டத்துலதானுங்க இருந்துச்சு எடிட்டிங்," என்று நாகமாணிக்கம் அவன் காதில் சொன்னார்.

"ஏனுங்க," என்றாள் வசந்தாமணி. பெல்லால் மட்டுமே பேசிய நாட்களுக்குப் பிறகு அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

பதில் சொன்னது பீரோவில் நசுங்கியிருந்த மயில்சாமி.

"அண்ணன் லைட்டுப் புடிச்சுட்டு இருந்தாருங்க அண்ணி. கேமரா வந்ததே தாலி கட்டற நேரத்துலதான், வந்ததும் வீடியோ லைட்டு நின்னு போச்சு. நாகமாணிக்கம் தாலிய நிறுத்துங்கன்னாரு, அருமைக்காரரு நேரம் போகுது கட்றான்னாரு. அண்ணன் இருட்டுலயே கட்டிப்போட்டு எறங்கிட்டாரு. ஒயரு லூசு. அவரு கையில அழுத்திப் புடிச்சாத்தான் எரிஞ்சுது, வேற யாரு புடிச்சாலும் எரியல. அதனால மத்தியானம் வரைக்கும் அவரேதான் புடிச்சாரு."

"தாலி கட்டறத மறுபடி எடுத்தாங்களே," என்றாள் வசந்தாமணி மெதுவாக. "இன்னொருக்காக் கட்டற மாதிரி நில்லுங்கன்னு. லைட்டு கண்ணக் கூசுச்சுன்னு நான் அன்னிக்கு முழுக்கத் தலையக் குனிஞ்சுட்டு இருந்தேன். அது யாரு கை?"

மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணன்தானுங்க என்னைய நிக்கச் சொன்னாரு. கை மட்டுந்தான் வுழும்னாங்க."

வசந்தாமணியின் கழுத்து சிவந்தது, பிறகு காது சிவந்தது. திருமூர்த்தி சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தான். "நீ வீடியோல நல்லா வுழோணும்னுதான் அம்மிணி," என்றான். "உன் மொகத்துல இருட்டு அடிச்சுது. என்ற மொகம் எப்படி வுழுந்தா என்ன, அத யாரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"நான் பாத்திருப்பேனே!"

கைவேலைக்காரன் என்ன செய்வானோ அதையே அவனும் செய்தான். மண்டபத்துச் சமையலறையிலிருந்து தயாராகக் கொண்டுவந்து வைத்திருந்த கேஸ் அடுப்பை முன்னால் இழுத்தான், கையில் தீப்பெட்டியை எடுத்தான். "காந்தத்தச் சூடு பண்ணிட்டா அதோட சத்துப் போயிருமுங்க," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். "அஞ்சே நிமிசம். அப்புறம் மயில்சாமியும் ஒட்டமாட்டான், யாரும் ஒட்டமாட்டாங்க. எனக்கும் அவங்களுக்கும் சரிசமமாப் போயிரும். கெரகத்த இத்தோட முடிச்சுரலாம்."

தீக்குச்சியை உரசினான்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரேஷன் கடையில் கேட்டால்கூட, மலை அடிவாரத்துச் சாமி பெயர் என்பாள் வசந்தாமணி, கடைக்காரர் திருமூர்த்தி மலை என்று புரிந்துகொண்டு எழுதிக்கொள்வார். பதினெட்டு வருஷத்தில் கோபத்திலும் சொன்னதில்லை, பிரசவ வலியிலும் சொன்னதில்லை. தன் கல்யாணத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்றையும், அதைப் பார்த்து அரை நாழிகைகூட ஆகாத நேரத்தில், இந்த ஆள் அடுப்பில் வைத்து வறுக்கப்போகிறான் என்று கண்டபோது அவள் உடம்பு முழுக்க என்னவோ ஓடியது.

"டேய் திருமூர்த்தி! தொட்டீன்னா பாரு!"

தீக்குச்சி அந்தரத்தில் நின்றது, அதைப் பிடித்திருந்தவனைக் காணவில்லை. அறுபத்து மூன்று பேரின் தலைக்கு மேலே, முதல் வரிசை நாற்காலிகளைத் தாண்டி, அருமைக்காரரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு, வேட்டி ஒரு பக்கம் பறக்கத் திருமூர்த்தி பறந்துபோனான். போன வேகத்தில் மயில்சாமியைப் பக்கவாட்டில் நகர்த்தித் தள்ளிவிட்டு, வசந்தாமணிக்கு வலது பக்கத்தில் நெற்றியால் பீரோவில் மோதினான். டிங் என்று எங்கள் இருபத்து நாலு வீட்டுப் பெல்லும் ஒன்றாக அடித்த மாதிரி சத்தம் வந்தது. பீரோ கதவில் அவன் நெற்றி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. தள்ளிவிடப்பட்ட மயில்சாமி அவன் மனைவியின் காலடியில் போய் விழுந்தான், அதற்குப் பிறகு அவனுக்கு நெஞ்சு நிமிரவில்லை.

டீச்சர் டேப்பை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்து பீரோ வரைக்கும் நடந்தார். "நாப்பத்தொரு அடி," என்றார். நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"செம்புன்னு நெனச்சேன்," என்றார் குழந்தைசாமி. பெல் மாட்டும்போது திருமூர்த்தி பாடிய பாட்டு ஒருவர் காதிலாவது விழுந்திருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் இருவரையும் நகர்த்திப் பார்த்தார்கள், வலது பக்கம் நகர்த்தினார்கள், இடது பக்கம் நகர்த்தினார்கள், வரவில்லை. மற்றவர்களையெல்லாம் நகர்த்தி எடுத்துப் பந்தியில் உட்காரவைத்தார்கள், இரண்டு இலையை மட்டும் மேடைக்கு எடுத்துப்போய் பீரோவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு வைத்தார்கள். நாகமாணிக்கம் பழக்க தோஷத்தில் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க வந்தார், அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம்.

"வலிக்குதுங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள். மரியாதை திரும்பி வந்திருந்தது.

"இல்லீங்க அம்மிணி," என்றான் அவன், நெற்றி எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. "இன்னொருக்காக் கூப்புடு."

அன்று சாயங்காலம் எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் பெண்கள் சமையலறையில் நின்றுகொண்டு புருஷன் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். சில வீட்டில் சோபா நகர்ந்தது, சில வீட்டில் சோபாவில் இருந்தவர் டிவி சத்தத்தைக் கூட்டினார், ஆறாம் நம்பர் வீட்டில் யாருடைய புருஷனோ வந்து நின்றார், அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. காந்தங்கள் எல்லாம் நாளாவட்டத்தில் சத்து இழந்து இப்போது சாவி மாட்டத்தான் பயன்படுகின்றன. வசந்தாமணியின் வீட்டில் மட்டும் காலிங் பெல்லைக் கழற்றிவிட்டார்கள். காபி ஆனதும் அவள் அடுப்படியிலிருந்து மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி அந்தப் பெயரைச் சொல்கிறாள். அந்த வீட்டுக் கதவு, ஜன்னல், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் ஓர் ஆள் நெற்றி உயரத்தில் பள்ளம் இருக்கிறது.